இரண்டாம் அறைக்கு ஒரு சாதனையாளர்

கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் அந்த வேலைக்குத் தரிசனம் என்று பெயர். முதலில் கிண்டலாகத்தான் சொன்னார்கள். பிறகு இன்சார்ஜே வாய் கூசாமல் அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பிள்ளையை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருவார்கள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, மேனேஜ்மெண்ட் படித்தால் என்னென்ன ஆகலாம் என்று ஆலோசகர் அடுக்குவார். பெற்றோர் முகம் தெளியாவிட்டால், 'வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்' என்று எழுந்திருக்கப் பார்த்தால், அவர் மேசைக்கு அடியில் கைப்பேசியைத் தட்டிவிடுவார். உள்ளே ஹாலில் பெரியவளின் கைப்பேசி அதிரும். இரண்டு பெண்கள் உள்ள ஒரு வீட்டின் மூத்தவள், இரண்டு வருஷமாக அங்கே வேலை. அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் தொங்கும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, எப்போதோ உயிரை விட்ட ஒரு லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி அந்த அறைக்குள் போய் நிற்பாள்.

"இவங்க நம்ம காலேஜ்லதான் படிச்சாங்க. இதே கோர்ஸ். இன்னிக்கு மேனேஜர்."

அவ்வளவுதான், பெற்றோர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவளும் ஒரு மீட்டிங்கின் நடுவிலிருந்து எழுந்து வந்தவள் போல ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போவாள்.

அவள் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் இதில் விசேஷம். அங்கேயே படித்தது உண்மை. படித்து முடித்த மாதமே வேலை கிடைத்தது உண்மை. அடையாள அட்டையில் 'அட்மிஷன் மேனேஜர்' என்று அச்சடித்திருந்ததும் உண்மை. ஹாலில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஊர்பேர் தெரியாதவர்களுக்கு நாள் முழுக்க போன் போட்ட அத்தனை பேர் அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. டீ கொண்டுவருகிறவர் ஒருவர்தான் இன்னும் மேனேஜர் ஆகவில்லை.

அவளுடைய வகுப்பில் படித்தவர்கள் எங்கே போனார்கள்? அப்பாவுக்குக் கம்பெனி இருந்தவன் அப்பா கம்பெனிக்குப் போனான். கடை இருந்தவன் கடைக்குப் போனான். கணக்கில் புலியாக இருந்த ஒருத்தி மட்டும் சொந்தக் காலில் ஒரு நல்ல ஆபீசில் போய் உட்கார்ந்தாள். பெரியவளும் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தாள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். தலைமைப் பண்பு, குழுவோடு வேலை செய்வது என்று சொன்னாள். "சரி, வேற?" என்றார்கள். அந்த 'வேற'க்கு அவளிடம் பதில் இல்லை. கடைசியில், வேலை கிடைக்காதவர்களைக் கல்லூரியே கூப்பிட்டு ஹாலில் உட்கார வைத்து, வேலை கிடைத்தவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நல்ல சாமர்த்தியம்தான். அடுத்த ஆண்டு ஆள் பிடிக்க இந்த ஆண்டு ஆள்.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரியாது. மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவுமில்லை. அப்பா ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். அந்தப் பெட்டிக்குள் நின்று வருஷக்கணக்கில் மனிதர்களை ஏற்றி இறக்கியதில், யார் ஏறினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனித்து வைத்திருந்தார். டாக்டர் ஏறினால் அல்ல. டாக்டரிடம் ஆளாளுக்கு ஒரு சந்தேகம் கேட்பார்கள். நிர்வாக மேனேஜர் ஏறினால்தான் டாக்டர் உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து மாடி எண்ணைப் பார்ப்பார்கள். அந்த மௌனத்தில் மனிதர் சொக்கிப்போனார். தன் பெண்கள் ஏறினாலும் லிஃப்ட் அப்படி அமைதியாக வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

பெரியவள் முதல் நாள் அடையாள அட்டையைக் காட்டியபோது, அதில் இருந்த 'மேனேஜர்' என்ற ஒற்றைச் சொல்லோடு அவருக்குப் போதும் என்றாகிவிட்டது. விவரமாக நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் விட்டாள். மறுநாள் அவர் லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து நின்றார். மிட்டாய் கொடுத்த மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? கோட்டு போட்ட அவள் படத்தைக் கல்லூரி தன் விளம்பரத் தாளில் போட்டபோது, அதைக் கத்தரித்து லிஃப்டுக்குள், 'அதிக எடை ஏற்றாதீர்' என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார். அதோடு அவள் வாய் முழுசாக அடைத்துப்போயிற்று.

இப்போது சின்னவளின் முறை வந்திருந்தது. பெரியவளின் தங்கை, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவள். அரசுக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதில் ஒரு பைத்தியம். அப்பாவுக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுண்டிவிடும்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் அக்காவை ஒட்டி வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நெஜமா சொல்லு. லேப் கோர்ஸ்ல சேரட்டுமா, இல்ல உன்ன மாதிரி மேனேஜ்மெண்ட் எடுக்கட்டுமா?"

"உனக்கு எது பிடிக்குதோ அதை எடு."

"எனக்கு லேப்தான் பிடிக்குது. ஆனா அப்பா பேசறதக் கேட்டியா? 'ஒருத்தி கோட்டு போட்டுட்டு ஏசில உக்காந்திருக்கா, இன்னொருத்தி மூத்திர பாட்டில் தூக்கணுமா'ங்கறார். நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பார்க்கா."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பெரியவள் ஒரு சட்டையை இரண்டு தடவை பிரித்து மடித்தாள்.

"ரெண்டும் நல்லதுதான்டி," என்று பூசி மெழுகினாள்.

தங்கையின் வாழ்க்கை ஊசலாடும்போது அக்கா சொல்கிற பதிலா இது? ஆனால் அப்படித்தான் சொன்னாள். எப்படியும் சின்னவள் பிடிவாதக்காரி, தனக்குப் பிடித்ததில் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். லேப் படிப்பில் சேரக் கடைசி நாள் வந்தது. இந்நேரம் அப்பாவும் அவளும் அரசுக் கல்லூரியில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். கைப்பேசி அதிர்ந்தது.

இரண்டாம் அறை. சர்க்கரை. அந்த ஆலோசகருக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர், பேச்சில் அத்தனை இனிப்பு. இழவு வீட்டுக்குப் போனாலும் ஒரு சேர்க்கையோடு திரும்புவார் என்பார்கள்.

பெரியவள் கோட்டை மாட்டினாள், லேப்டாப்பை எடுத்தாள், கதவைத் தள்ளும்போதே வழக்கமான வாசகத்தைத் தொடங்கிவிட்டாள்.

"வணக்கம். எனக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, அதுக்குள்ள..."

நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை. பக்கத்தில் சின்னவள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். 'காட்டிக் கொடுத்துவிடாதே' என்பதுபோல் ஒரு கண்ணைச் சிமிட்டினார். மகள் பெயரைச் சொன்னால் சலுகை கேட்டு வந்ததாகிவிடும், அவளுக்குத்தான் சங்கடம் என்று, யாரோ எவரோ போல உள்ளே வந்திருந்தார். அதைவிட, தன் மகளைப் பற்றி ஓர் அந்நியர் பெருமையாகச் சொல்வதைத் தன் காதால் கேட்கிற ஆசையும் இருந்திருக்கும். இருக்காதா பின்னே?

"பாருங்க சார், சொன்னேன்ல?" என்றார் சர்க்கரை. "சாதாரணக் குடும்பத்துப் பொண்ணுதான். இன்னிக்கு எந்த உயரத்துல இருக்காங்க! உங்க பொண்ணும் நாளைக்கு இப்படி வந்து நிக்கும்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெரியவள் பேசத் தொடங்கினாள். பழகிய வாய், அது பாட்டுக்குப் பேசியது. எந்தத் துறையானாலும் நிர்வாகம் தேவை. ஆஸ்பத்திரி, ஹோட்டல், பேங்க், எங்கே வேண்டுமானாலும் போகலாம். கதவுகள் திறந்தே இருக்கும். சின்னவள் இமைக்காமல் அக்காவையே பார்த்தாள். மைக்ராஸ்கோப்புக்குள் எட்டிப் பார்த்த கதையைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சம் அந்த முகத்தில் இல்லை. அப்பாவின் ஆசைக்குத் தலையை ஆட்டத் தயாராகிவிட்ட, கொஞ்சம் வாடிய, நல்ல பிள்ளையின் முகமாக இருந்தது. பெரியவள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள்.

"அண்ணே," என்றாள் சர்க்கரையிடம். "புது பிராஸ்பெக்டஸ் ஒண்ணு எடுத்துட்டு வர்றீங்களா?"

மீன் மாட்டிவிட்டது என்று நினைத்து அவர் குஷியாக எழுந்து போனார். கதவு சாத்தியதும் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அப்பா, இது வேணாம். எந்திரிங்க. சாயங்காலத்துக்குள்ள இவள அந்த லேப் சீட்ல சேத்துடுங்க."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னம்மா சொல்ற?"

"நான் மேனேஜர் இல்லப்பா. அட்டையில போட்டிருக்கு, அவ்ளோதான். போன் போட்டு ஆள் பிடிக்கற வேலை. இந்தக் கோட்டு கூட என்னுது இல்ல."

சின்னவள் அக்காவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா சொன்னது, பெரியவள் கனவிலும் எதிர்பார்க்காதது.

"ஏம்மா, தங்கச்சி உனக்குச் சமமா வந்துடுவாளேன்னா?"

"அப்பா!"

"பின்ன என்ன? இப்பதான் அத்தன அழகா பேசின. கதவு திறந்திருக்கும்னு சொன்ன. அந்த சார் போனதும் வேற பேச்சு பேசற. வெளி ஆளுங்க பிள்ளைக்கு நல்லதுன்னா நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கெட்டதாகும்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. வேதனையோடு கேட்டார். அதுதான் தாங்கவில்லை. அந்தக் கேள்விக்குச் சொல்லத் தகுந்த ஒரே பதில், எல்லோருடைய பிள்ளைகளுக்கும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது. இரண்டு வருஷமாகப் பொய்யே பேசாமல் பொய்யை நம்ப வைத்தவள், உண்மையைச் சொன்னதும் பொறாமைக்காரி ஆகிவிட்டாள்.

"வாங்க," என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஹாலுக்குப் போகும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெற்றோரை விடக்கூடாது என்பது அங்கே சட்டம். வேறு எதற்கு வேண்டுமானாலும் மன்னிப்பு உண்டு, இதற்கு இல்லை. போன மாதம் ஒருத்தி தன் அத்தையை உள்ளே அழைத்துப் போனதற்கு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவள் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தாள். தரைவிரிப்பு அந்தக் கதவோடு முடிந்துவிடும். குளிரும் அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பக்கம் வெறும் சிமெண்டுத் தரை, மேலே தட்டுத் தடுமாறிச் சுற்றும் மின்விசிறிகள், அடுக்கு அடுக்காகப் பெண்களும் பையன்களும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். 'வணக்கம்மா, உங்க பையன் அடுத்து என்ன படிக்கப் போறாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?' கேட்க வகுப்பறையில் மனப்பாடம் சொல்வது போல இருந்தது.

தன் இடத்துக்கு முன்னால் நின்றாள். முதுகு உடைந்து கயிற்றால் கட்டிய நாற்காலி. மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தலைவலித் தைலம், ஹெட்செட்.

"இதான்ப்பா என் சீட்டு."

அப்பா நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். "இது... சும்மா பழகறதுக்காக உக்கார வெச்சிருப்பாங்க. மேனேஜர்னா கீழ இருந்துதானே..."

பெரியவள் ஹெட்செட்டை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டாள். அங்கே எண்களை யாரும் அழுத்த வேண்டியதில்லை. மிஷினே ஒன்று மாற்றி ஒன்றாக அழைத்துக்கொடுக்கும். அப்பா பதறிப்போய் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல். பக்கத்தில் நின்ற சின்னவளுக்கும் கேட்கிற அளவுக்கு அது கத்தியது.

"மறுபடியும் நீதானாடி? எத்தன தடவ சொல்றது? என் பிள்ளைய ஏமாத்தி அங்க சேத்துட்டு, இப்ப என் அடுத்த பொண்ணுக்கும் வல விரிக்கறியா? உன்னையெல்லாம் பெத்தாங்களா, இல்ல குப்பையில இருந்து பொறுக்கினாங்களா? இனிமே போன் பண்ணின, செருப்பு பிஞ்சிடும்!"

அப்பா அசையாமல் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை, ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டார். பிறகு வாய்க்கருகில் நீண்டிருந்த அந்தச் சின்னக் கம்பியைப் பார்த்துக் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பெத்தவன்தான் பேசறேன். இனிமே வராது."

அழைப்பு அறுந்தது. சின்னவள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"தெனமும் இப்படியாக்கா?"

"எல்லாரும் இப்படிப் பேச மாட்டாங்க," என்றாள் பெரியவள். "நான் மேனேஜ்மெண்டே மோசம்னு சொல்லலடி. நல்ல எடத்துல, கையில ஒரு தொழிலோட படிச்சவங்க நல்லாத்தான் இருக்காங்க. எனக்கு நடத்தத் தெரியும்னு பட்டம் கொடுத்தாங்க. எதை நடத்தறதுன்னு என் கையில ஒண்ணும் இல்ல. உனக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு. அத விட்டுடாத. லேப்ல நின்னு பழகு. அப்புறம் வேணும்னா அந்த லேபையே நடத்தறதுக்குப் படி. யார் வேணாம்னா?"

அப்பா ஹெட்செட்டைக் கழற்றி, உடைந்துவிடும் என்பதுபோல் பத்திரமாக மேசையில் வைத்தார். கயிறு கட்டிய நாற்காலி முதுகை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். மகள் இரண்டு வருஷமாக இதில் சாய்ந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவர் வாய் கோணியது, அடக்கிக்கொண்டார்.

"என்ன நடக்குது இங்க?"

இன்சார்ஜ். வேகமாக வந்தார். பின்னால் பிராஸ்பெக்டஸோடு சர்க்கரை, கண் பிதுங்க நின்றார்.

"யார் இவங்க? பேரண்ட்ஸை எதுக்கு உள்ள கூட்டிட்டு வந்த?"

ஹாலில் பேச்சு நின்றது. அத்தனை பேரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, நாளைக்குச் சின்னவளின் பஸ் செலவு, எல்லாம் ஒன்றாக வந்து பெரியவளின் கண்முன் நின்றன. இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த வேலையிலும் 'சரி, வேற?' என்றுதான் கேட்பார்கள் என்பது அடுத்த கணம் நினைவுக்கு வந்தது.

"இவங்க... எங்க..."

"அவங்க மேல தப்பில்ல சார்," என்றார் அப்பா.

அவர் இன்சார்ஜுக்கு முன்னால் வந்து, கொஞ்சம் குனிந்து நின்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"பாத்ரூம் தேடினேன் சார், கதவு திறந்திருந்துச்சு, வழி தெரியாம உள்ள வந்துட்டேன். வயசாச்சுல்ல. என் பொண்ணும் பின்னாலயே வந்துட்டா. இந்த மேடம்தான் பாத்து, வெளிய கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டிருந்தாங்க."

இன்சார்ஜின் முகம் தளர்ந்தது. "அப்படியா? சரி, சரி. சேர்க்கை விஷயம் முடிவு பண்ணிட்டீங்களா?"

"மேடம் நல்லா புரியற மாதிரி சொன்னாங்க சார். வேற எடத்துல ஒரு சீட்டு இருக்கு, அத இன்னிக்கே முடிச்சாகணும். வர்றோம்."

சின்னவள் அழுத முகத்தோடு அக்காவிடம் போகப் பார்த்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். பிறகு பெரியவளைப் பார்த்தார். பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்த பெண்ணை, வழியில் பார்த்த யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் உதடு மட்டும் நடுங்கியது.

"உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன் மேடம்."

இன்சார்ஜ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"பரவாயில்ல சார்," என்றாள் பெரியவள்.

அப்பா தலையை ஆட்டினார். சின்னவளின் கையை விடாமல், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.